கற்பூரமும் கந்தகமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேசையில் உட்கார்ந்து பழைய பேனா ஒன்றின் மூடியைத் திருகிக் கழற்றினேன். பின்னால் ஏதோ எடுக்க வந்த அம்மா அப்படியே நின்று, "விளக்கு வைக்கவே இன்னும் நேரம் இருக்கு, அதுக்குள்ள யாருடா கற்பூரம் ஏத்தினது?" என்று கேட்டார். யாரும் ஏற்றவில்லை, வாசனை பேனாவிலிருந்து வந்தது. மூடியை அவர் மூக்கருகே நீட்டினேன். இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, "நிஜமாவே கற்பூரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேனா இத்தாலியில், பொலோன்யா நகரத்தில் ஒமாஸ் என்ற நிறுவனம் செய்தது. உடல் செல்லுலாய்டு. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்தி, அதோடு கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் வருவதுதான் செல்லுலாய்டு, கற்பூரம் இல்லாவிட்டால் அது இளகாது, உருவத்துக்கு வராது. பழைய சினிமாச் சுருள், முன்பிருந்த பிங்பாங் பந்து எல்லாம் இந்தப் பொருள்தான். வீட்டில் கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்போமே, கரைந்து காணாமல் போகக்கூடாது என்று, அந்தக் கரைகிற குணம் பேனாவுக்குள் இருக்கும் கற்பூரத்துக்கும் உண்டு. வருஷம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அதனால்தான் மூடியைத் திறந்தால் மணக்கிறது, அதனால்தான் பழைய செல்லுலாய்டு சுருங்கவும் செய்கிறது.

பக்கத்தில் புதுப் பேனா ஒன்றும் திறந்து கிடந்தது. அதன் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கை முகர்ந்தால் வேறு வாசனை. தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசலில் கிடக்கும் பட்டாசுக் காகிதத்தில் லேசாக மிச்சமிருக்குமே, அந்தக் கந்தக வாசனை. அந்த நாக்கு எபோனைட்டில் செய்தது. ரப்பரில் கந்தகத்தை நிறையக் கலந்து பல மணி நேரம் சூட்டில் வைத்தால் மரம்போல இறுகிவிடும், அதுதான் எபோனைட். இந்தப் புதுப் பேனா ஸ்கிரிபோ என்ற சின்ன நிறுவனத்தின் ஃபீல் என்ற பேனா. இதுவும் பொலோன்யாவில் செய்ததுதான். இந்த இரண்டு பேனாவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். மாத்திரை அட்டை அடிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பேனாப் பிரியர்களுக்கு ஃப்ளோரன்ஸும் தூரினும் எப்படியோ அப்படித்தான் எங்களுக்குப் பொலோன்யா, அந்த ஊரைச் சுற்றி அவ்வளவு பேக்கிங் இயந்திரத் தொழிற்சாலைகள். 2014-ல் புது இயந்திரம் ஒன்று வந்தபோது மூன்று வாரப் பயிற்சிக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். போகும்போது அந்த ஊரில் பேனா செய்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

பயிற்சி கொடுத்தவர் அறுபதை நெருங்கியவர், வேலைக்காரக் கை, நகத்தோரத்தில் எண்ணெய்க் கறுப்பு போகவே போகாத கை. சட்டைப் பையில் கறுப்பாக ஒரு பேனா வைத்திருப்பார். கேம் என்ற சுழலும் தகடு எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் கத்தி இறங்குகிறது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் தாளில் வரைந்து காட்டுவார். இரண்டாவது நாளே என் கண் அந்தப் பேனாவில் நின்றுவிட்டது. உருண்டையாக இல்லாமல் பன்னிரண்டு பட்டையாக இருந்தது. மூடியின் விளிம்பில் கிரேக்கக் கோலம்போலப் பின்னிப் பின்னிப் போகும் தங்க நிற வளையம், கிளிப்பின் நுனியில் கடுகளவுக்கு ஒரு சக்கரம். சட்டைப் பையில் செருகும்போது கிளிப் துணியைக் கிழிக்காமல் உருண்டு இறங்குவதற்காக அந்தச் சக்கரம். நாள் முழுக்க ரோலரும் பேரிங்குமாகப் பார்க்கிறவன் நான், பேனாவின் கிளிப்பில் ஒரு ரோலரைப் பார்த்ததும் அதைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கேட்டேன். பேனாவை என் கையில் கொடுத்து, "உங்கள் எழுத்தில் ஏதாவது எழுதுங்கள்" என்றார். அம்மா பெயரை எழுதினேன். எழுதும்போது நிப்பு தாளைத் தள்ளவில்லை, தாளோடு சேர்ந்து லேசாக வளைந்து கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் மைப்பேனாவில் எழுதியவன்தான் நான், ஆனால் அந்தப் பேனாக்கள் எதிலும் இப்படி ஒரு இளக்கம் இருந்ததில்லை. ஒமாஸ் என்று பெயர் சொன்னார். இந்த ஊரில்தான் செய்கிறார்கள் என்றார்.

ஒமாஸ் என்பது சுருக்கப் பெயர். விரித்தால் ஒஃபிசினா மெக்கானிக்கா ஆர்மாண்டோ சிமோனி, அதாவது ஆர்மாண்டோ சிமோனியின் இயந்திரப் பட்டறை. பெயரில் பேனா என்ற சொல்லே கிடையாது. 1925-ல் பொலோன்யாவில் தொடங்கினார், அதற்கு முன்னால் மற்றப் பேனா நிறுவனங்களுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பட்டறை பிறந்த காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1924-ல் அதே ஊரில் ஆக்மா என்ற நிறுவனம் தொடங்குகிறது, இன்றைக்கு என் சோற்றுக்கு வழி செய்கிற பேக்கிங் இயந்திரத் தொழிலுக்கு அந்த ஊரில் பிள்ளையார் சுழி போட்டது அதுதான். 1926-ல் டுகாட்டி, அப்போது மோட்டார் சைக்கிள் இல்லை, ரேடியோ பாகங்கள். நடுவில் 1925-ல் பேனாப் பட்டறை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆல்தினி வலேரியானி என்ற தொழிற்பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே ஃபிட்டர்களையும் டர்னர்களையும் உருவாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. லேத் முன்னால் நின்று பழகிய கைகள் ஒரு ஊரில் நிறைய இருந்தால், அவற்றில் சில பேனா செய்யத்தான் செய்யும்.

சிமோனியின் பேனாக்களைப் பார்த்தாலே பட்டறைக்காரர் என்று தெரிந்துவிடும். 1920-களின் கடைசியில் டாக்டர்களுக்கென்று ஒரு பேனா செய்தார், அதன் உடலுக்குள்ளேயே காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பொருத்தியிருந்தார். 1930-களில் பட்டை பட்டையாக எக்ஸ்ட்ரா என்ற பேனா வந்தது. அமெரிக்காவிலும் அப்போது பன்னிரண்டு பட்டைப் பேனா வந்துகொண்டிருந்தது, அது சிமோனி மட்டும் கண்டுபிடித்த உருவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உருவத்தை அறுபது எழுபது வருஷம் விடாமல் தேய்த்துத் தேய்த்துத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது ஒமாஸ்தான். உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியும்படி லூசென்ஸ் என்று ஒன்றும் அவர்கள் செய்ததுதான்.

இத்தாலியப் பேனா என்றால் ஒமாஸ் மட்டும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மோண்டெகிராப்பா 1912-லிருந்து பஸ்ஸானோவில் இருக்கிறது. தூரினில் 1919-ல் தொடங்கிய அரோரா இன்றும் நிப்பைத் தானே செய்கிறது, 1947-ல் வந்த அவர்களுடைய 88 பேனாவை வடிவமைத்த மார்ச்செல்லோ நிட்ஸோலிதான் ஒலிவெட்டி லெட்டெரா 22 தட்டச்சு இயந்திரத்தையும் வடிவமைத்தவர். ஃப்ளோரன்ஸில் விஸ்கோந்தி 1988-ல் வந்தது, எட்னா எரிமலைக் குழம்புக் கல்லைக் கலந்து பேனா செய்தவர்கள். இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுதலாம். எனக்கு மனசு நிற்கிற இடம் பொலோன்யா.

அந்த மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை நகரத்துக்குள் நடந்தேன். பொலோன்யாவில் குடை இல்லாமல் மழையில் போகலாம், தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடைக்கூடம். எல்லாம் சேர்த்தால் 62 கிலோமீட்டர் என்பார்கள், 2021-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அப்படி ஒரு கூடத்தின் கீழே இருந்த பேனாக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பும் பொன்னும் அடுக்கடுக்காக வரியோடிய ஒரு ஒமாஸைப் பார்த்தேன். ஆர்க்கோ என்று அந்தச் செல்லுலாய்டுக்குப் பெயர். தகடு தகடாக அடுக்கி ஒட்டிக் கட்டியாக்கி, அதிலிருந்து துண்டு வெட்டிக் கடைவார்கள், அதனால்தான் திருப்பத் திருப்ப ஒரு வரி மங்கி இன்னொரு வரி ஒளிரும். விலைச் சீட்டைப் பார்த்தேன். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன், அடுத்த முறை வரும்போது வாங்கலாம் என்று மனசில் ஒரு கணக்கு.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. சிமோனி 1958-ல் இறந்த பிறகு குடும்பத்தார் நடத்திவந்த நிறுவனம் 2000-ல் ஆடம்பரப் பொருள் விற்கும் பிரெஞ்சுக் குழுமம் எல்.வி.எம்.எச். கைக்குப் போயிற்று, 2007-ல் ஹாங்காங் பங்குச்சந்தையில் இருந்த ஒரு கைக்கடிகார வியாபார நிறுவனத்திடம் போயிற்று. 2016-ல் மூடிவிட்டார்கள். தொண்ணூறு வருஷப் பட்டறை. செய்தியை இரவு ஷிஃப்டில் போனில் படித்தேன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தப் பயிற்சிக்காரரின் கைதான், அவர் சட்டைப் பையில் இருக்கும் பேனாவுக்கு இனி ஒரு நாக்கு வேண்டுமென்றால் எங்கே போவார் என்று.

அதற்கப்புறம்தான் பழைய ஒமாஸ் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன், எல்லோரும் தேடியதால் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பார்சலைப் பிரித்துப் பார்த்தால் மூடியின் வாயில், உலோக வளையத்தை ஒட்டி, முடி மாதிரி ஒரு விரிசல். கற்பூரம் போனதும் செல்லுலாய்டு சுருங்கும் என்று சொன்னேனே, உள்ளே இருக்கும் உலோகம் சுருங்காது, இழுவிசை தாங்காமல் விளிம்பில் வாய் பிளந்துவிடும். விற்றவருக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்த விரிசலோடுதான் இன்றும் வைத்திருக்கிறேன். மூடியை இறுக்கித் திருகுவதில்லை, காற்றில்லாத டப்பாவில் அடைப்பதில்லை, வெயில் படுகிற இடத்தில் வைப்பதில்லை. சாம்பிராணிக் கரண்டியை இந்த மேசைப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், செல்லுலாய்டு தீயைக் கண்டால் அப்படிப் பற்றும்.

ஒரு பட்டறை மூடினால் அதிலிருப்பவை பல திசைக்குப் போகும். பெயர் ஒரு பக்கம், இயந்திரங்கள் ஒரு பக்கம், மீந்த சரக்கு ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். ஒமாஸிலும் அப்படித்தான் நடந்தது. மிஞ்சியிருந்த செல்லுலாய்டுத் தண்டுகளை வைத்து ஆர்மாண்டோ சிமோனி கிளப் என்ற பெயரில் பேனாக்கள் வந்தன, அழகான பேனாக்கள், பழைய உருவம், பழைய வரி. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து பொலோன்யாவிலேயே வேறொன்று தொடங்கினார்கள். ஸ்கிரித்தூரா பொலோன்யேஸே, பொலோன்யாவின் எழுத்து, சுருக்கினால் ஸ்கிரிபோ. லத்தீனில் ஸ்கிரிபோ என்றால் 'எழுதுகிறேன்' என்றே அர்த்தம்.

இதே காலத்தில் தெற்கே, நேப்பிள்ஸ் பக்கத்திலும் இதைப் போல ஒன்று நடந்தது. 1982-ல் தொடங்கிய டெல்டா என்ற பேனா நிறுவனம் நின்றுபோனது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சீரோ மத்ரோனேயின் மகன் சால்வதோரே 2018-ல் லியோனார்டோ என்ற பெயரில் பேனா செய்ய ஆரம்பித்தார். முதல் பேனாவுக்கு மொமெந்தோ ஸீரோ என்று பெயர் வைத்தார், பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற நேரம். அப்பா பார்த்த தொழிலை மகன் புதுப் பெயர்ப் பலகையில் தொடர்வது நம் ஊர்த் தட்டாரத் தெருவிலும் நடப்பதுதான். பொலோன்யாவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே வாரிசு என்று யாரும் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான் எடுத்துச் செய்தார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஃபீலை வாங்க இரண்டு வருஷம் பணம் சேர்த்தேன். 500 யூரோவைத் தாண்டும் பேனா, மேலே சுங்கம் வேறு. சாம்பல் கலந்த நீல நிறம். நல்ல பருமன். பழைய ஒமாஸை நினைவுபடுத்துகிற பன்னிரண்டு பட்டை இதிலும் உண்டு, ஆனால் ஒமாஸின் பட்டை கத்தியால் சீவிய மாதிரி நேராக இருக்கும், இதில் உடல் வளைந்து போகிற போக்கிலேயே பட்டையும் வளைந்து போகிறது. ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப் பட்டை தீட்டிய மாதிரி என்று சொல்லலாம். உடல் ரெசின் என்கிற பிளாஸ்டிக், செல்லுலாய்டு இல்லை. மணக்காது, சுருங்காது, செல்லுலாய்டு மாதிரிப் பற்றிக்கொள்ளாது. ஆர்க்கோவின் வரி இதில் இல்லையே என்று எனக்குக் குறைதான், அந்தக் குறையை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் விரிசல் விட்ட மூடியை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு ரெசினின் அருமையும் தெரியும்.

இந்தப் பேனாவின் சங்கதி எல்லாம் நிப்பும் நாக்கும் சேருகிற இடத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்துக் குழாயைத் திறந்தால் குபுக் குபுக் என்று குமிழி மேலே போகும், பார்த்திருப்பீர்கள். ஒரு மடக்குக் காற்று மேலே போனால்தான் ஒரு மடக்குத் தண்ணீர் கீழே வரும். மைப்பேனாவுக்குள்ளும் அதுதான் நடக்கிறது, ஆனால் குமிழி ஊசி முனை அளவு. நாக்கின் முதுகில் ஓடும் மெல்லிய காடி வழியே மை நிப்புக்கு இறங்குகிறது, அதற்கு ஈடாகக் காற்று மேலே ஏறுகிறது. நாக்கின் வயிற்றுப் பக்கம் சீப்புப் பல்லாக வெட்டியிருப்பார்கள். கைச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது அந்த அதிகப்படி மை சொட்டாமல் இந்தப் பல்லிடுக்குகளில் நிற்கும், சூடு தணிந்தால் திரும்ப உள்ளே போகும். பள்ளிக்கூடப் பேனா சட்டைப் பையில் கக்கியதெல்லாம் இந்தச் சீப்பு சரியில்லாததால்தான்.

இப்போது பெரும்பாலான பேனாவில் நாக்கு பிளாஸ்டிக். அச்சில் ஊற்றி நிமிஷத்துக்கு இத்தனை என்று எடுத்துவிடலாம். ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் மை தாமரை இலைத் தண்ணீர்தான், அதை ஒட்டவைக்கத் தனியாக ஏதாவது பதம் செய்ய வேண்டும். எபோனைட்டின் மேல் மை தானாகப் படரும், மண்சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி. குறை என்னவென்றால் எபோனைட்டைப் பிளாஸ்டிக் மாதிரி அச்சில் ஊற்றி எடுத்துவிட முடியாது. தண்டாக வாங்கி, கடைந்து, காடியையும் ஒவ்வொரு பல்லையும் மெல்லிய ரம்பத்தில் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய பிறகு சூடு காட்டினால் லேசாக வளையும், நிப்பின் அடிவயிற்றோடு இடைவெளி இல்லாமல் படியும்படி அதை வைத்து அழுத்தலாம். நிப்பு ஒவ்வொன்றும் மயிரிழை வித்தியாசத்தில் இருக்கும், நாக்கை அதற்கேற்பப் படிய வைப்பது கையால்தான்.

ஃபீலில் நான் எடுத்தது 14 காரட் இளக்க நிப்பு. 18 காரட்டும் கிடைக்கிறது. தங்கம் அதிகமானால் உசத்தி என்று நமக்கு நகைக்கடைப் பழக்கம், நிப்பில் அப்படியில்லை. 18 காரட்டில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், 14-இல் 58.5 பங்கு, மீதி வெள்ளி, செம்பு போன்ற வேறு உலோகம், அதனால்தான் 14 காரட் நிப்பு வளைந்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்துவிடும். ஒமாஸின் கடைசிக் காலத்து 14 காரட் எக்ஸ்ட்ரா ஃப்ளெஸ்ஸிபிலே, அதாவது ரொம்ப இளக்கமான நிப்பை எழுதிப் பார்த்தவர்கள் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வழியில் வந்ததுதான் இது.

நிப்பை அழுத்தினால் இரண்டு கால்களும் விரியும், கோடு தடிக்கும். விரிந்த அந்தக் கணத்தில் மை அதிகமாக வர வேண்டும். வராவிட்டால் நடுவில் வெள்ளை விழுந்து, தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு மட்டும் போகும். வந்த அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். ஒரு பெரிய 'S' போட்டேன், கீழிறங்கும் இடத்தில் அழுத்தம் கொடுத்து, மெதுவாக. கோடு அரை மில்லிமீட்டரிலிருந்து விரிந்து விரிந்து போய் மறுபடி ஒடுங்கி முடிந்தது, நடுவில் ஒரு இடத்திலும் வெள்ளை இல்லை, மை ஈரமாக மேடு கட்டி நின்றது. வேகமாகப் போட்டேன். அப்போதும் இல்லை. அதே சோதனையைப் பழைய ஒமாஸிலும் செய்து இரண்டையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் கோடு விரிகிற விதமும் ஒடுங்குகிற விதமும் ஒரே கையெழுத்து மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர்ப் பலகை மாறியிருக்கிறது, உடலின் பொருள் மாறியிருக்கிறது, அந்தப் படிமானம் மாறவில்லை.

பேனா சேர்க்கும் நண்பர் ஒருவர், "நிப்பை அடிச்சுக் கொடுக்கிறது ஜெர்மனிக்காரன் போக், அப்புறம் இதுல என்ன இத்தாலி?" என்று கேட்டார். உண்மைதான், இத்தாலியப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நிப்பு ஜெர்மனியிலிருந்துதான் வருகிறது. அரோரா மாதிரித் தானே செய்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் என் தொழிலில் வைத்துச் சொன்னால், நான் பார்க்கிற இயந்திரத்தின் மோட்டாரும் ஜெர்மனியிலிருந்துதான் வருகிறது, சென்சார் ஜப்பான். அந்த இயந்திரம் நிமிஷத்துக்கு நானூறு அட்டை அடிப்பதும் நாற்பதில் நின்று முக்குவதும் செட்டிங் செய்கிறவன் கையில் இருக்கிறது. நிப்பின் கனம் எவ்வளவு, தோள் எவ்வளவு அகலம், நாக்கின் காடி எவ்வளவு ஆழம் என்று சொல்லி வாங்கி, வந்ததை நாக்கோடு பொருத்தி, மை விட்டு எழுதிப் பார்த்து அனுப்புகிற அந்த வேலையை நாற்பது வருஷம் ஒரே ஊரில் செய்த கைகள் கற்றுவைத்திருக்கின்றன. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, பேனாவை ஒரு வாரம் வைத்து எழுதிப் பாருங்கள் என்று கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கப் பத்து நாள் ஆயிற்று.

தமிழ் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தப் பேனா நம் எழுத்தை நினைத்துச் செய்தது கிடையாது. அவர்கள் எழுத்தில் நேராக இறங்கும் கோடு நிறைய, இறங்கும்போது அழுத்தினால் தடிக்கும், ஏறும்போது மெலியும். நமக்குச் சுழிதான் அதிகம். மூன்று சுழி ண எழுதினால் நிப்பு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், தடித்த நிப்பென்றால் மூன்றாவது சுழி மையில் மூழ்கி அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது ணவா னவா என்று படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் மெல்லிய நிப்பாகத்தான் கேட்டேன். அழுத்தாமல் எழுதினால் சுழி எல்லாம் வாய் திறந்து தெளிவாக நிற்கிறது. கால் போடும்போதும் ககரத்தின் நடுக்கோட்டை இறக்கும்போதும் கை தன்னையறியாமல் கொஞ்சம் அழுத்துகிறது, அங்கே மட்டும் கோடு தடிக்கிறது. என் கையெழுத்தில் அப்படி ஒரு ஏற்ற இறக்கம் இருந்ததை நான் நாற்பத்தாறு வயதில்தான் பார்க்கிறேன். தாள்தான் பிரச்சினை. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் நோட்டில் எழுதினால் மை ஊறி எறும்புக் கால் மாதிரி பரவுகிறது, வழவழப்பான கெட்டித் தாள் வேண்டும்.

எபோனைட் நமக்குப் புதுசு இல்லை, அதனால் இதைச் சொல்கிறேன். திருவள்ளூரில் இன்றும் எபோனைட் தண்டைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள், வெளிநாட்டிலிருந்தெல்லாம் வாங்குகிறார்கள். ராஜமுந்திரியிலும் செய்கிறார்கள். அந்தப் பேனாக்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதன் மூடியைத் திறந்தாலும் இதே கந்தக வாசனை.

போன வாரம் ஃபீலை வேலைக்குக் கொண்டுபோனேன். எங்கள் பிரிவில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார், ஐ.டி.ஐ. படித்தவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் நீட்டினேன். எழுதிப் பார்ப்பார் என்று நினைத்தேன், அவர் எழுதவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாவைக் கவிழ்த்து, நாக்கின் பல்லை எண்ண ஆரம்பித்தார்.

"கட்டர் என்ன கனம் சார் இது? நம்ம ஸ்லிட்டிங் கத்தியைவிட மெலிசா இருக்கே."

"தெரியலை அண்ணே. ரம்பத்துலதான் வெட்டுறாங்க, ஒண்ணொண்ணா."

"ஒண்ணொண்ணாவா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தரம் எண்ணினார். "பர்ர், வெட்டின பிசிறு, ஒரு இடத்துல கூட இல்ல பாருங்க. இது ரப்பர் மாதிரி பொருள், கத்தி சூடானா இழுத்துக்கும். மெதுவா, தண்ணி விட்டு வெட்டியிருக்கான்." அப்புறம், "இந்தக் கட்டை கிடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைக்கும் என்றேன். விரல் நீளத்துக்கு ஒரு எபோனைட் தண்டு வாங்கிக் கொடுத்தேன், கூடவே நாக்கு உடைந்துபோய் இருபது வருஷமாகப் பெட்டியில் கிடந்த என் பள்ளிக்கூடப் பேனாவையும் கொடுத்தேன். வீட்டில் அவருக்குச் சின்ன லேத் ஒன்று இருக்கிறது. முதலில் செய்தது பொருந்தியது, ஆனால் காடி ஆழம் அதிகமாகி மை சொட்டியது. இரண்டாவதில் பல் ஒன்று முறிந்தது. மூன்றாவதை நேற்றுக் கொண்டுவந்தார், நிப்புக்கு அடியில் வைத்து, டீ போடுகிற வெந்நீரில் முக்கி, கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். ஷிஃப்ட் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தைப் போட்டுப் பார்த்தோம். மை வந்தது. கையெழுத்தை மூன்று தரம் போட்டுவிட்டு, பேனாவை மூக்கருகே கொண்டுபோய், "பட்டாசு வாசனை சார்" என்றார்.